லிஃப்ட் பம்பு வாங்கும் கலை

பழைய டாட்ஜ் ராம் பிக்கப் ஒன்றை வாங்கிவிட்டீர்கள். 1998-ன் பாதியிலிருந்து 2002 வரை வந்த மாடல். கம்மின்ஸின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 24 வால்வு எஞ்சின். பின்னால் குதிரை டிரெய்லரை மாட்டி ராக்கி மலையில் ஏற்றினாலும் முனகாமல் ஏறும். இந்த எஞ்சினுக்குச் சாவே கிடையாது என்று சொல்லித்தான் உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். அது பொய்யில்லை. எஞ்சினுக்குச் சாவு கிடையாது. அதற்கு டீசல் ஊட்டும் பம்புகளுக்குத்தான் உண்டு. அதிலும் ஒன்று போனால் தனியாகப் போகாது, இன்னொன்றையும் கூட்டிக்கொண்டுதான் போகும்.

இந்த வண்டியில் பம்பு இரண்டு. முதலாவது லிஃப்ட் பம்பு. நம்மூர் லாரிப் பட்டறைகளில் ஃபீடு பம்பு என்பார்களே, அதே உத்தியோகம். டேங்கில் இருக்கும் டீசலை இழுத்து, ஃபில்டர் வழியாக முன்னே தள்ள வேண்டும். இரண்டாவது இன்ஜெக்‌ஷன் பம்பு, போஷ் கம்பெனியின் விபி44. இதற்கு முந்தைய 12 வால்வு எஞ்சினில் எல்லாமே இரும்பு வேலை. பி7100 என்ற இன்லைன் பம்பு. அதற்கு டீசல் கொடுக்க, கேம் ஷாஃப்ட் தட்டித் தட்டி ஓட்டும் பிஸ்டன் பம்பு. மின்சாரமே தேவையில்லை. 1998-ல் புகைக் கட்டுப்பாடு இறுகியதும் கம்ப்யூட்டர் சொல்படி கேட்கும் விபி44 வந்தது, லிஃப்ட் பம்பும் மின்சாரத்துக்கு மாறியது.

விபி44-க்குத் தனியாக ஆயில் கிடையாது. அதன் வழியே போகும் டீசல்தான் அதற்கு ஆயில், அதுவேதான் குளிர்ச்சியும். போதாக்குறைக்கு ஒரு கம்ப்யூட்டரைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறது. டீசல் வரத்து குறைந்தால் உள்ளே தேயும், மேலே சூடேறும். ஒரு நாள் பி0216 என்று கோடு காட்டும். ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி யோசிக்கும். அதற்கப்புறம் வரும் பில் ஆயிரம் டாலருக்கு மேல், கூலி தனி.

அசல் லிஃப்ட் பம்பை எங்கே வைத்தார்கள் தெரியுமா? எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில், ஃபில்டருக்குப் பக்கத்தில். டேங்கோ கேபினுக்குப் பின்னால் கிடக்கிறது. இந்த வகை மின்பம்புக்குத் தள்ளத் தெரியும், உறிஞ்சத் தெரியாது. அதைக் கொண்டுபோய் ஆறடி நீள ஸ்டிராவில் இளநீர் குடிக்கச் சொன்னதுபோல் உட்காரவைத்துவிட்டார்கள். எஞ்சின் சூடும் உதறலும் இலவசம். செத்தது செத்தது என்று அமெரிக்கா முழுக்கப் பம்புகள் செத்தன. வெளிக்கம்பெனி மின்பம்புகளுக்கு என்று ஒரு தனிச் சந்தையே அங்கே முளைத்தது.

அந்தச் சந்தையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்வதே இந்தக் கையேடு. இதன்படி நடந்தால் வண்டி ஓடுவதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் பெட்ரோல் பங்கில் பக்கத்துப் பிக்கப்காரரிடம் அரைமணி நேரம் பேச விஷயம் கிடைக்கும் என்பதற்கு உறுதி தருகிறேன்.

அளக்காமல் வாங்குங்கள்

முதல் விதி, பிரஷர் கேஜ் வாங்காதீர்கள். கம்பெனியே கொடுக்காததை நாம் ஏன் வாங்க வேண்டும்? டாஷ்போர்டில் ஆயில் பிரஷருக்கு முள் உண்டு, தண்ணீர்ச் சூட்டுக்கு உண்டு, பேட்டரிக்கு உண்டு. எது செத்தால் எஞ்சினின் விலையுயர்ந்த உறுப்பு கூடவே சாகுமோ, அந்த டீசல் பிரஷருக்கு மட்டும் முள்ளும் இல்லை, விளக்கும் இல்லை. எஞ்சினுக்குள் அதை அளக்கும் சென்சாரே கிடையாது என்பதால், பிரஷர் சரிந்தது என்று கம்ப்யூட்டருக்கும் தெரியாது.

இதில் இன்னொரு வசதி. விபி44-க்குள்ளே சின்னதாக ஒரு வேன் பம்பு இருக்கிறது. லிஃப்ட் பம்பு செத்துப்போனாலும் அது தானாகவே டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிக்கொள்ளும். சாவி போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆகும், கடைக்குப் போய் வரும், பிள்ளையைப் பள்ளியில் விடும். வாரக்கணக்கில் ஓடும். செத்த பம்போடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறோம் என்பதே உங்களுக்குத் தெரியாது. அந்த நிம்மதியை ஒரு கேஜ் வாங்கிக் கெடுத்துக்கொள்வானேன்?

கேஜில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. இருக்கும் பம்பு நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று அது காட்டிவிடக் கூடும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது 14 பிஎஸ்ஐ, மேட்டில் டிரெய்லரோடு கால் அழுத்தி ஏறும்போது 10 என்று முள் நின்றால், புதுப் பம்பு வாங்க என்ன காரணம் சொல்வீர்கள்? ஃபில்டருக்கு முன்னால் பிரஷர் நன்றாக இருக்கிறது, பின்னால் மட்டும் சரிகிறது என்றால் இன்னும் மோசம். குற்றவாளி ஃபில்டர். சில டாலரில் கதை முடிந்துவிடும்.

கேஜ் மாட்டியே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்கள் இதைச் செய்யுங்கள். மெக்கானிகல் கேஜ் வாங்கி, டீசல் ஓடும் டியூபை நேராகக் கேபினுக்குள் கொண்டுவாருங்கள். பார்க்க எளிது, விலை மலிவு. என்றாவது ஒரு நாள் மூட்டு கசிந்து கால்மிதியில் டீசல் ஊறும். கம்பளத்தில் ஊறிய டீசல் வாசனை வண்டியை விற்கும்வரை போகாது, விற்றபிறகு வாங்கியவரோடு போகும். இதைத் தவிர்க்க நினைக்கும் பயந்தாங்கொள்ளிகள் மட்டும் எலெக்ட்ரிக் கேஜ் வாங்கி, அதன் சென்சாரை ஃபில்டருக்கும் விபி44-க்கும் நடுவே மாட்டிக்கொள்வார்கள். அதற்கு முன்னால் ஒரு ஊசி வால்வையும் வைத்து, அரைகுறையாக மூடி வைப்பார்கள். விபி44 ஒவ்வொரு சுற்றுக்கும் பின்பக்கமாக ஓர் அடி கொடுக்கும். அந்த அடி நேராக விழுந்தால் சென்சார் சீக்கிரம் செத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். சுவாரசியம்தான் இல்லை.

கேஜ் இருப்பவர்கள் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் அதைப் பாருங்கள். ஐடிலில் ஓடும் எஞ்சினில் சாகப்போகிற பம்பும் 12 காட்டும். பளு ஏற்றி, மேட்டில், முழு மிதியில் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அப்போது 5-க்குக் கீழே போனால் விபி44-ன் ஆயுள் கரைகிறது என்று பொருள். மேட்டில் ஏறும்போது நீங்கள் ரோட்டைத்தானே பார்க்க வேண்டும்.

எத்தனை கேலன் பம்பு?

இப்போது முக்கியமான கட்டம். ஃபாஸ், ஏர்டாக் என்று இரண்டு பெயர்கள் இந்தச் சந்தையில் பெரிதாகக் காதில் விழும். வேறு சிலவும் உண்டு. எல்லாப் பெட்டியிலும் ஓர் எண் கொட்டையாக அச்சடிக்கப்பட்டிருக்கும். 95, 100, 150, 165, அதற்கு மேலும் உண்டு. மணிக்கு இத்தனை கேலன் என்று அர்த்தம். தேர்வு முறை மிகச் சுலபம். எது பெரிய எண்ணோ அதை எடுங்கள்.

ஏன் என்று கேட்கும் ஆசாமிகள் உண்டு. அவர்கள் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருவார்கள். 245 குதிரைத்திறன் எஞ்சின். முழு மிதியில் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் தோராயமாக 0.36 பவுண்டு டீசல் எரியும். பெருக்கினால் 88 பவுண்டு. ஒரு கேலன் டீசல் 7.1 பவுண்டு. வகுத்தால் மணிக்கு 12 கேலனுக்குச் சற்று மேல். நம் கணக்கில் 47 லிட்டர். அதுவும் ஒரு மணி நேரம் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே போனால்தான். ஹைவேயில் மணிக்கு 60 மைலில், கேலனுக்கு 18 மைல் கொடுத்துக்கொண்டு போகும் வெறும் வண்டி குடிப்பது மணிக்கு மூன்றே சொச்சம் கேலன்.

இந்த ஆசாமிகளிடம் சகவாசம் வைத்துக்கொள்ளாதீர்கள். 12 கேலன் தாகத்துக்கு 150 கேலன் பம்பு எதற்கு என்று கேட்பார்கள். அந்த வண்டியின் டேங்க் 35 கேலன் பிடிக்கும். 150 கேலன் பம்பு ஒழுங்காக ஓடினால் முழு டேங்கையும் 14 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றி மறுபடி டேங்கிலேயே கொட்டிவிடும். எரிவது போக மிச்சமெல்லாம் திரும்பும் குழாய் வழியே வீடு திரும்ப வேண்டியதுதானே. கலிபோர்னியாவில் நிரப்பிய டீசல் நெவாடா எல்லையைத் தொடும் முன்பே ஃபில்டரைப் பல தடவை தரிசித்திருக்கும்.

உண்மையைச் சொன்னால், கொஞ்சம் மிச்சம் வேண்டும்தான். விபி44 எரிப்பதற்கு மட்டும் டீசல் கேட்பதில்லை. உள்ளே போவதில் பெரும்பகுதியை உடம்பைக் குளிரவைத்துக்கொண்டு வெளியே விடுகிறது. அதன் ஓவர்ஃப்ளோ வால்வு 14 பிஎஸ்ஐ பக்கம் திறந்து மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். வரத்து தாராளமாக இருந்தால்தான் இது நடக்கும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணும், எதிர்ப்பே இல்லாமல் வாளியில் கொட்டவிட்டு அளந்தது. ஃபில்டரையும் வளைந்த குழாயையும் 15 பிஎஸ்ஐ பிரஷரையும் தாண்டி வரும்போது அந்த எண் இளைத்துவிடும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் எஞ்சினுக்கு 95-ஓ 100-ஓ தாராளம். பெரிய இன்ஜெக்டர் போட்டு, சிப் மாட்டி, 500 குதிரைத்திறனுக்கு முறுக்கிவிட்டாலும் எரிவது மணிக்கு 30 கேலன் பக்கம்தான். 150 அவர்களுக்கு. அதற்கு மேலே போவது டிராக்டர் இழுக்கும் போட்டிகளுக்கும், அப்படி ஒரு போட்டியில் கலந்துகொள்வதாகக் கனவு காண்பவர்களுக்கும்.

ஆனால் இந்தக் கையேட்டின் நோக்கம் மரியாதை. பங்கில் ஒருவர், "எத்தனை கேலன் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது "95" என்று முணுமுணுக்க முடியுமா? அவர் 165 போட்டிருப்பார். அவர் வண்டியின் பின்பெட்டியில் ஒரு மளிகைப் பையும் ஒரு நாய்க்குட்டியும் இருக்கும். இருக்கட்டும். 165 கேலனில் அந்த நாய்க்குட்டி சொகுசாகப் பயணம் செய்கிறது.

பிரஷரிலும் இதே கொள்கைதான். ரெகுலேட்டர் ஸ்குரூவைத் திருகி ஏற்றிக்கொண்டே போங்கள். எரிபொருளைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வேலை விபி44-உடையது. லிஃப்ட் பம்பு அதன் வாசல்வரை கொண்டுவந்து கொடுக்கும் ஆள். வாசலில் 10 முதல் 15 பிஎஸ்ஐ இருந்தால் போதும். கூட்டினால் ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது. ஆனாலும் திருகுவதற்கு ஸ்குரூ என்று ஒன்று இருக்கும்போது கை சும்மா இருக்குமா?

டீசலில் கலந்திருக்கும் காற்றைப் பிரித்தெடுக்கும் என்று சில பம்புகள் சொல்லும். ஃபாஸ் என்ற பெயரே அந்த வேலையைச் சொல்வதுதான். காற்றுக் குமிழி விபி44-க்குள் போவது நல்லதில்லை என்பது நாமக்கல்லில் லாரி ஓட்டும் எவருக்கும் தெரியும். ஃபில்டர் மாற்றியபின் வண்டி ஏர் பிடித்துக்கொண்டால், கை பிரைமரை அடித்து அடித்து, ஸ்குரூவைத் தளர்த்தி நுரை போகும்வரை நிற்பார்கள். அவர்கள் அப்போது இன்னொன்றும் செய்வார்கள்: காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள். விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ், இறுகாத கிளிப், காய்ந்துபோன வாஷர். ஓட்டை ஹோஸை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே வந்த காற்றைப் பிரிக்க பல நூறு டாலரில் கருவி வாங்குவதுதான் நமக்கு ஏற்ற வழி. இருபத்தைந்து வயது ஹோஸுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம்.

சத்தத்தையும் கடையில் கேட்டு வாங்குங்கள். சில பம்புகள் சேஸில் மாட்டியதும் தேனீக் கூட்டை சீட்டுக்கடியில் வைத்ததுமாதிரி ரீங்கரிக்கும். ரப்பர் புஷ் வைத்துப் பொருத்தினால் பாதி அடங்கும். அடக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கியது நாலு பேருக்குக் கேட்க வேண்டும். ஒரு நாள் ரீங்காரம் நின்றால் பம்பு நின்றுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். கேஜ் வாங்காத உங்களுக்கு அதுவே கேஜ்.

டேங்கில் ஓர் ஓட்டை

பம்பு வந்துவிட்டது. இனி அதற்கு டீசல் எங்கிருந்து எடுப்பது? டேங்கில் இருக்கும் அசல் குழாய் மெல்லியது. கால் டேங்குக்குக் கீழே போனால் காற்றை இழுக்கும் என்று இந்த வண்டிகளைப் பற்றி ஒரு பழைய புகார் உண்டு. பெரிய பம்பு போட்டவர்களுக்கு அந்தத் தொல்லை அதிகம். வேகமாக உறிஞ்சுவதும், திரும்பி வரும் டீசல் நுரைத்துக்கொண்டு பக்கத்திலேயே விழுவதும் காரணம். தீர்வு இரண்டு.

ஒன்று, டேங்கின் மேல்பக்கத்தில் துளை போட்டு, அரை அங்குலக் குழாயை அடிவரை இறக்குவது. குழாயின் அடிமுனையைச் சரிவாக வெட்டி, தரையோடு ஒட்டாமல் சிறிது இடைவெளி விட வேண்டும். இடைவெளி கூடினால் கடைசி சில கேலன் உங்களுக்குக் கிடையாது. குறைந்தால் குழாய் டேங்கின் அடியையே கவ்விக்கொள்ளும். இதற்கு டேங்கை இறக்க வேண்டும், அல்லது பின்பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி நாலு நண்பர்களைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்ல வேண்டும். இரண்டிலும் முதல் நாள் மாலையே டேங்கை முழுசாக நிரப்பி வைப்பது நம் மரபு. 35 கேலன் என்றால் 110 கிலோவுக்கு மேல். ஜாக்கியின் மேல் அது ஆடும்போது பார்ப்பவர்களுக்குப் பொழுது நன்றாகப் போகும்.

இன்னொன்று, சம்ப். டேங்கின் அடியில், ஆமாம், அடியில்தான், வட்டமாக அறுத்து ஒரு கிண்ணத்தைப் பொருத்துவது. கடைசிச் சொட்டுவரை எடுக்கலாம், காற்று வராது. டேங்கின் அழுக்கும் தண்ணீரும் தாழ்ந்த இடம் தேடி முதலில் வந்து சேர்வதும் அங்கேதான் என்பதால் அவையும் தாராளமாகப் பம்புக்குப் போகும். ரோட்டில் கிடக்கும் மரக்கட்டை முதலில் தட்டுவதும் அதையேதான். அளவெடுப்பதில் அரை அங்குலம் பிசகினால் புது டேங்கு வாங்கும் வாய்ப்பும் இருக்கிறது. நிதானமான ஆட்கள் மேல்துளையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆனால் கையேடு எழுதுகிறவனின் சொந்த அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்?

டெஃப்லான் டேப்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது மூட்டு சாமான் வாங்கும் இடத்தில் புரியும். பழைய குழாயில் பான்ஜோ போல்ட்டு என்று ஒன்று வரும். நடுவில் துளையிட்ட போல்ட்டு. அதன் குறுக்குத் துளை வழியேதான் எஞ்சினுக்குப் போகும் டீசல் முழுவதும் நுழைந்து வர வேண்டும். 165 கேலன் பம்பு வாங்கி அதன் முன்னால் இந்தப் போல்ட்டுகளை அப்படியே விட்டுவைப்பது மிகவும் பிரபலமான முறை. அகலக் குழாயும் நேர் மூட்டுகளும் போட்டாலே பழைய பம்பின் பிரஷர் முழு மிதியில் ஒன்றிரண்டு ஏறியிருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

மூட்டுகளை இறுக்கும்போது வெள்ளை டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றுங்கள். வீட்டுக் குழாய்க்குச் சுற்றிய மிச்சம் டிராயரில் இருக்கும். இறுக்கும்போது மரை அதன் ஓரத்தை அறுக்கும். அறுந்த துணுக்கு, நூல் அகலம்கூட இருக்காது, வெளியே தெரியாது, டீசலோடு கிளம்பும். ஃபில்டருக்கு முன்னால் உள்ள மூட்டு என்றால் ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். ஃபில்டருக்குப் பின்னால், கேஜுக்காகப் போட்ட மூட்டு என்றால் நேரே விபி44. சில மைக்ரான் இடைவெளியில் எஃகும் எஃகும் உரசாமல் ஓடும் இடத்தில் போய் அந்தத் துணுக்கு உட்காரும். இதைத் தவிர்க்க ஒரு சிறிய டியூபில் குழம்பு மாதிரி சீலன்ட் விற்கிறார்கள். டேப் இலவசமாக வீட்டில் இருக்கும்போது அதை ஏன் வாங்க வேண்டும்?

இந்த இடத்தில் ஓர் இடைச்செருகல். பம்புக்குச் செலவழிக்கும் முன் எஞ்சின் பிளாக்கின் இடப்பக்கத்தில் 53 என்று வார்ப்பு எண் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அந்த எண் போட்ட பிளாக்குகளில் பக்கவாட்டுச் சுவர் விரிசல் விட்டுத் தண்ணீர் கசிவது உண்டு. இருந்தால் மனசு உடைய வேண்டாம். எல்லா 53-ம் உடைவதில்லை. ஆனால் பிளாக்கில் பச்சையாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போது பம்பின் நிறத்தைப் பற்றி யோசிப்பதை ஒரு நாள் தள்ளிப்போடலாம்.

மின்சாரம்

பழைய பம்பின் கனெக்டரைப் பிடுங்கிப் புதுப் பம்பில் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். நினைத்துக்கொள்ளுங்கள். அசல் பம்புக்கு மின்சாரம் கொடுப்பது எஞ்சின் கம்ப்யூட்டரே. அது சின்னப் பம்புக்கு அளந்து வைத்த கை. பெரிய பம்பு அதைவிட அதிக ஆம்பியர் இழுக்கும். கம்ப்யூட்டர் எத்தனை நாள் தாங்கும் என்பதை அறியும் ஆர்வம் உங்களுக்கு இருக்கலாம். அந்த ஆர்வம் இல்லாதவர்கள் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தனி ஒயர் இழுத்து, ஒரு ரிலேயை நடுவில் போட்டு, பழைய கனெக்டரை அந்த ரிலேக்குக் கண்ணசைக்க மட்டும் வைத்துக்கொள்வார்கள். நல்ல பம்பின் பெட்டியில் இந்த ஒயர்க்கட்டு கூடவே வரும். அதைக் குப்பை என்று எறிந்துவிடாதவர்கள் குறைவு.

இன்னொரு குறுக்குவழியும் இருக்கிறது. டாஷ்போர்டில் ஒரு சுவிட்சு வைத்து நேரடியாகப் பம்பை ஓட்டுவது. கெத்தாக இருக்கும். எஞ்சின் நின்றால் கம்ப்யூட்டர் பம்பை நிறுத்திவிடும், சுவிட்சு நிறுத்தாது. வண்டி கவிழ்ந்து கிடக்கிறது, குழாய் அறுந்திருக்கிறது, பம்பு மட்டும் மணிக்கு 150 கேலன் வீதம் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது என்ற காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். இந்த ஒரு பத்தியில் எனக்கு வேடிக்கை பேச வரவில்லை. சுவிட்சு வேண்டாம்.

குளிரும் கந்தகமும்

மினசோட்டா, வட டகோட்டா பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. கடுங்குளிரில் வழக்கமான 2-ம் நம்பர் டீசலில் மெழுகு திரளும். அசல் ஃபில்டர் எஞ்சின் பக்கத்தில், உள்ளே ஒரு ஹீட்டரோடு இருந்தது. புதுப் பம்பின் ஃபில்டர் சேஸுக்கடியில் காற்றில் தொங்குகிறது. அதுவும் 2 மைக்ரான், 3 மைக்ரான் என்று நுணுக்கமானது. மெழுகு முதலில் அடைக்கும் இடம் அதுதான். உறையாமலிருக்க ஊற்றும் மருந்தை உறைந்தபிறகு ஊற்றிப் பயனில்லை. குளிருக்கு முன்பே ஊற்ற வேண்டும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை இலையுதிர் காலத்திலேயே திறந்து வடித்துவிடுவது நல்லது.

2006-லிருந்து அமெரிக்க டீசலில் கந்தகம் 500-லிருந்து 15 பிபிஎம்முக்கு இறக்கப்பட்டது. கந்தகத்தைப் பிரிக்கும் முறையில் டீசலின் வழுவழுப்பும் கூடப் போய்விடுவதால், அதை ஈடுகட்ட மருந்து கலந்துதான் விற்கிறார்கள். ஆனாலும் டேங்குக்கு ஒரு குவளை டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றினால்தான் விபி44 வாழும் என்று ஒரு கட்சி, ஊற்றினால் பாவம் என்று இன்னொரு கட்சி. இருவரிடமும் ஆமாம் போடுங்கள். இருவர் வண்டியும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ட்யூராமேக்ஸ்காரர்கள் கவனத்துக்கு

செவர்லே, ஜிஎம்சி பெரிய பிக்கப்களில் 2001 முதல் 2016 வரை வந்த ட்யூராமேக்ஸ் எஞ்சினுக்குக் கம்பெனி லிஃப்ட் பம்பே வைக்கவில்லை. இன்ஜெக்‌ஷன் பம்பே டேங்கிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே உங்களுக்கு எது வாங்கினாலும் முன்னேற்றமே, பொறாமையாக இருக்கிறது. 2011 முதல் 2016 வரை வந்தவற்றில் இருக்கும் சிபி4 பம்பு உடைந்தால் இரும்புத் துகளை இன்ஜெக்டர்வரை அனுப்பி எல்லாவற்றையும் மாற்றவைக்கும் பேர்வழி. லிஃப்ட் பம்பு போட்டால் அது உடையவே உடையாது என்று யாராவது விற்றால், உடைந்தால் காசு திரும்புமா என்று எழுதிக் கேளுங்கள். பேச்சு உடனே ஃபில்டரைப் பற்றித் திரும்பிவிடும்.

உத்தரவாதம் என்றதும் ஞாபகம் வருகிறது. வாழ்நாள் உத்தரவாதம் என்று போட்டிருந்தால் யாருடைய வாழ்நாள் என்று பாருங்கள். பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும், ரசீது இருந்தால் மட்டும், சொன்ன நேரத்தில் ஃபில்டர் மாற்றியிருந்தால் மட்டும். ரசீது வெயிலில் வெளுக்கும் தாளில் அச்சாகிறது. கையுறைப் பெட்டியில் இரண்டு கோடை கிடந்தால் வெறும் தாள். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் வேடிக்கையில்லை.

கடைசியாக, இன்னொரு பழைய ராம் வாங்கப் போனால் விற்பவர் முதல் வேலையாகச் சேஸுக்கடியில் விரலைக் காட்டி எந்தக் கம்பெனிப் பம்பு, எத்தனை கேலன் என்று ஒப்பிப்பார். கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு வண்டியை மேட்டில் ஏற்றச் சொல்லி, காலை அழுத்தும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பத்துக்கு மேலே நின்றால் 95 கேலன் பம்பாக இருந்தாலும் வாங்கலாம். முள்ளே இல்லாத வண்டி என்றால், ஒரு விபி44-ன் விலையைக் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குங்கள். படியாவிட்டால் விட்டுவிடுங்கள், வேறு வண்டி வரும்.